இரண்டு நாள் பொறுப்பு அதிகாரி

வைஷு நல்ல வேலையை விட்டது வலைப்பூ எழுதுவதற்காக. ஊர் ஊராகப் போவது, போன இடத்தில் உட்கார்ந்து எழுதுவது, இவ்வளவுதான் திட்டம். வலைப்பூ சோறு போடாது என்பதால், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதினாள். அது போதாமல் தலையணை உறை விற்பவர்களுக்கு வர்ணனை எழுதிக் கொடுத்தாள். சனி ஞாயிறில் பக்கத்திலிருக்கும் கோர்படி ரயில்வே காலனிக் குழந்தைகளுக்கு டிராயிங் கிளாஸ். ஆக, சுதந்திரமாக எழுத வேண்டிய சகல ஏற்பாடுகளும் ஆகிவிட்டன, எழுதத்தான் நேரமில்லை. கடைசிப் பதிவு ஏறி ஐந்து மாதம் ஆயிற்று. அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

கம்பெனிக்காரர்கள் விவரமானவர்கள். ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால், திரையில் அவள் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். மூன்று மஞ்சள் விழுந்தால் வேலை போய்விடும். அதனால், கொங்கண் கரையில் ஹர்ணைக்குப் போய் மீன் ஏலம் பார்த்து எழுத இரண்டு நாள் தேவைப்பட்டபோது, மவுஸை அசைக்கும்படி அப்பாவைக் கேட்டாள்.

அப்பா சுப்ரமணியன் ஒரு ராணுவ அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் அசைச்சாப் போறும்ப்பா. யாராவது புகார் பண்ணினா 'கவனிக்கிறோம்'னு போட்டுடுங்கோ."

"யார் கவனிப்பா?"

"யாரும் கவனிக்க மாட்டா."

"சரி. எல்லாத்தையும் எழுத்து மூலமாக் குடுத்துடு," என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஹர்ணையில் மணலில் உட்கார்ந்து, ஏலக் கூச்சலுக்கு நடுவே நோட்டுப் புத்தகத்தில் இருபத்திரண்டு பக்கம் எழுதினாள். மாதம் இரண்டு நாள் இப்படிக் கிடைத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று திரும்பும் பஸ்ஸில் முடிவு செய்தாள்.

சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்தபோது அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். மேஜைமேல் ஒரு டப்பா பேடா.

"வந்துட்டியா? உனக்கு பிரமோஷன் வந்திருக்கு."

விஷயம் இதுதான். கவனிக்கிறோம் என்று எழுதிவிட்டுக் கவனிக்காமல் இருக்க சுப்ரமணியனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு புகாருக்கும் எண் கொடுத்து, தேதி போட்டு, மேலிடத்துக்குக் கடிதம் எழுதி, மணிக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பியிருக்கிறார். நாக்பூரில் ஒரு அம்மாளுக்கு நாலு மாதமாக ஒழுகிய மெஷின் ஒரே மத்தியானத்தில் சரியானது. மேனேஜர் அசந்துபோய், வைஷுவைக் குழுத் தலைவியாக்கிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து தினமும் ஒன்பது மணிக்கு, ஊரின் மறுகோடியில் இருக்கும் பிம்ப்ரி ஆபீசுக்கு நேரில் வரவேண்டும். வாரத்துக்கு ஆறு நாள்.

"நீங்க என்ன பதில் எழுதினேள்?"

"நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்னு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கேட்டிருந்தான்."

"வேண்டாம்னு எழுதியிருக்கக் கூடாதாப்பா?"

"பிரமோஷனை யாராவது வேண்டாம்னு எழுதுவாளா?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

வைஷுவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வரமுடியாது என்று மேனேஜருக்கு எழுத உட்கார்ந்தாள். இரண்டு வரி எழுதியிருப்பாள். பின்னால் அப்பா, செராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த மேனேஜரின் கடிதத்தை எடுத்து, நின்றபடி வாசிக்க ஆரம்பித்தார். "தங்களுடைய கவனத்தையும் மரியாதையையும் இந்தக் கம்பெனியில் இதுவரை யாரிடமும் கண்டதில்லை..."

அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தார். இப்படி ஒரு காகிதத்துக்காக அவர் முப்பத்துநாலு வருஷம் காத்திருந்தார். பின்னால் வந்தவர்களெல்லாம் மேலே போனார்கள். அவர் சேர்ந்த நாற்காலியிலேயே ஓய்வு பெற்றார். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"இது உங்களுக்கு வந்ததுப்பா," என்றாள்.

"எனக்கெங்கேடி? உன் பேர்னா போட்டிருக்கு."

வைஷு எழுதிய இரண்டு வரியையும் அழித்தாள்.

"முதல்லேர்ந்து படிங்கோ."

சுப்ரமணியன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தேதியிலிருந்து ஆரம்பித்தார்.