விளக்குக்குள் வெங்காய வளையம்

புதிய லென்ஸில் எடுத்த படங்களில் ஒரே ஒரு குறை. பின்னணியில் மங்கித் தெரியும் விளக்குகள் ஒவ்வொன்றுக்குள்ளும், குறுக்கே அரிந்த வெங்காயம் போல வளையத்துக்குள் வளையம். லென்ஸை வடிவமைத்தவள் எத்தனை முறை கணக்கைப் புரட்டியும் காரணம் பிடிபடவில்லை.

"கணக்கு தப்பா, கை தப்பா? சாயங்காலத்துக்குள்ள சொல்லும்மா" என்றார் மேலாளர். "தப்பு யாருதோ, அவங்க நாளைக்கு வர வேண்டாம்."

கணக்கு அவளுடையது. கை அவள் அண்ணனுடையது. லென்ஸ் அச்சுகளை லேத்தில் கடைபவன். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகாத கை என்பதால் பட்டறையில் அவனுக்கு 'மைக்ரான்' என்று பட்டப்பெயர். அவளை இங்கே சேர்த்துவிட்டதே அவன்தான்.

கோள வடிவக் கண்ணாடியில் விளிம்பு வழியே வரும் ஒளி அளவுக்கு மீறி வளைந்து, நடுவில் வரும் ஒளிக்கு முன்பே குவிந்துவிடும், படம் புகைமூட்டமாகும். அதைத் திருத்தக் கண்ணாடிமேல் கண்ணாடி அடுக்கினால் லென்ஸ் கனக்கும். அவளோ விளிம்பை நோக்கிப் போகப் போக வளைவைத் தளர்த்தினாள். எல்லா ஒளியும் ஒரே புள்ளியில் விழுந்தது. மூன்று கண்ணாடிகளின் வேலையை ஒன்றே செய்தது. அந்த ஒன்றை, சூடான கண்ணாடியை உலோக அச்சில் அழுத்தி எடுத்தார்கள்.

அச்சை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். லேத்தின் உளி சுற்றிச் சுற்றிப் போன தடம், வளையத்துக்குள் வளையமாக. அச்சில் இருந்தது அப்படியே கண்ணாடியில் பதிந்திருக்கிறது.

"ஏண்ணே பாலிஷ் போடல?"

"நல்லா கேட்ட போ! வளைவு கெட்டுடும், விரல்கூட படக்கூடாதுன்னு நீதானே பாப்பா குதிச்ச?" சிரித்தான். "ரெண்டு பேரும் தப்பிக்கிற மாதிரி நீயே பக்குவமா சொல்லிடு. உனக்குத்தான் வாய் இருக்கே."

அவள் மேலாளரிடம் போனாள். "கை தப்பு சார்."

"மைக்ரானா? கூடப் பொறந்தவனாச்சேம்மா!"

"கண்ணாடிக்கு அது தெரியாது சார்."

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். வாசலில் நின்ற அண்ணன் சிரிக்கவில்லை. "பாலிஷ் வேணாம்னு நீ சொன்னியே, பாப்பா..."

"நான் சொன்னதை வேற யாருண்ணே கேட்டா?"

மறுநாள் அவன் லேத்தில் வேறொருவன் நின்றான். அவனுக்கு அவள் பொறுமையாக விளக்கினாள்: கடைந்தபின் அச்சைப் பாலிஷ் செய்ய வேண்டும். பெரிய பாலிஷ் தட்டு வளைவைத் தின்றுவிடும். பட்டாணி அளவு மென்மையான திண்டு போதும். தடத்தின் போக்கில் ஓட்டாமல் குறுக்கே ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் வளைவை அளக்க வேண்டும். அப்படிச் செய்தால் வளைவு நிற்கும், வளையம் போய்விடும்.

போய்விட்டது.