மாலை வேண்டாம்

ராஜமாணிக்கத்தின் கால் பெருவிரல்கள் இரண்டையும் அவர் மனைவி மரகதம் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி படா பாபு வாசலில் நின்றார். கழற்றவில்லை. தலையிலிருந்த தொப்பியை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ராஜமாணிக்கம் வேலை பார்த்த ஆபீசின் தலைமைக் குமாஸ்தா பக்தவத்சலத்தை, போர்ட் பிளேயரின் ஹேடோவிலும் மின்னி பேயிலும் எல்லாரும் படா பாபு என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட மறந்தவர்களுக்கு அவரே ஞாபகப்படுத்துவார்.

மணி பதினொன்று ஆகியிருந்தது. விடியற்காலையில் படகுப் போட்டிக்கு டிங்கி ஓட்டிப் பழகப் போனவர் ராஜமாணிக்கம். ஆறு துடுப்பில் ஒரு துடுப்பு அவருடையது. கரைக்குத் திரும்பும்போது அந்தத் துடுப்பின் மேலேயே நெஞ்சு சாய்ந்து கவிழ்ந்துவிட்டார். கூட இருந்த ஐந்து பேரும் தூக்கிவந்து கிடத்தினார்கள். டாக்டர் வந்து நாடியைப் பார்த்தார், பிறகு மணியைப் பார்த்தார். அத்தோடு வைத்தியம் முடிந்தது.

அந்த ஐந்து பேரும் ஆபீஸ் கொடுத்த நீல பனியனோடு முற்றத்தில் குந்தியிருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஜெகநாதன், செத்தவரின் தம்பி. இந்தத் தீவில் ராஜமாணிக்கத்துக்கு ரத்த சொந்தம் அவன் ஒருத்தன்தான். பிள்ளை இல்லாத அண்ணனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவனும் அவன்தான். மற்ற உறவெல்லாம் தூத்துக்குடிப் பக்கம். தந்தி போய்ச் சேர்ந்து அவர்கள் கப்பல் பிடிப்பதற்குள் பத்தாம் நாள் காரியமே முடிந்துவிடும். குடியிருப்பின் மற்ற ஆம்பிளைகளோ குடியரசு தின விழாவுக்குப் போயிருந்தார்கள். வராதவன் பெயரைக் குறித்துக்கொள்வதாகச் சுற்றறிக்கை விட்டிருந்தவர் இதே படா பாபுதான்.

ஆக, பாடையைத் தூக்க இருப்பது அந்த ஐந்து நீல பனியன்கள். மூன்று மணிக்கு ஃபீனிக்ஸ் பேயில் படகுப் போட்டிக்கும் இருப்பது அதே ஐந்து நீல பனியன்கள். மூன்று மணிப் போட்டி என்பது பெரிய அதிகாரி வருகிற மணிக்கு நடக்கும் போட்டி. அது முடிந்து பரிசு கொடுத்துப் பேசி முடிப்பதற்குள் ஐந்து அடித்துவிடும். தை மாதத்தில் போர்ட் பிளேயரில் ஐந்தேகாலுக்குப் பொழுது சாய்ந்துவிடும். பொழுது சாய்ந்தால் எடுக்க முடியாது. இந்தப் புழுக்கத்தில் உடம்பு நாளை வரைக்கும் தாங்காது. இதை மரகதம் காலையிலேயே ஜெகநாதனிடம் சொல்லிவிட்டாள். அவன் தலையாட்டினான். படா பாபு முகத்தைப் பார்த்த பிறகு அந்தத் தலை ஆடவில்லை. அவனுக்கு வேலை இன்னும் டெம்பரரி.

படா பாபு துக்கம் விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வந்த காரியத்தைச் சொன்னார். உடம்பை லாரியில் ஃபீனிக்ஸ் பே படகுத்துறை ஜெட்டிக்குக் கொண்டுபோய் ஒரு மேசையில் கிடத்திவிடலாமாம். அதைப் பார்த்துக்கொண்டே பையன்கள் துடுப்புப் போடுவார்களாம். ஆறாவது ஆளுக்கு அவரே ஏற்பாடு செய்துவிட்டாராம். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. படம் பார்க்கும்போதும் இப்படி ஒரு இடத்தில் அவர் அழுவார்.

அந்தப் படம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த இந்திப் படம். ஒரு நொண்டிப் பையன் ஓட்டப் பந்தயத்துக்குப் பழகுகிறான். ஊரே சிரிக்கிறது. பழக்கிவிடும் வாத்தியார் பந்தயத்தன்று காலையில் செத்துப்போகிறார். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடப் போகிறான். ரீல் பெட்டியைத் திருப்பியனுப்பக் கப்பல் கிடைக்காததால், ஹேடோ மைதானத்தில் தொடர்ந்து நாலு சனிக்கிழமை அதே படம்தான். ஆறு வருஷமாகக் காட்டிலாகாவிடம் தோற்றுவந்த படகு அணிக்கு ஊக்கம் ஊட்டப் படா பாபு அதைப் பிடித்துக்கொண்டார். ஆறு பேரும் முன்வரிசையில் உட்கார வேண்டும். அவர் பக்கத்தில் நின்று தமிழில் விளக்குவார். அவர் தபாலில் இந்தி படித்தவர்.

வாத்தியார் சாகும்போது பையன் கையைப் பிடித்து, "ஹார் மத் மானோ" என்பார். படா பாபு அதற்கு நாலு சனிக்கிழமையும் ஒரே விளக்கம் சொன்னார்.

"ஹார்னா ஹாரம். மாலை. மாலையை ஏத்துக்காதேங்கிறார். உண்மையான வீரன் மாலைக்கு ஆசைப்பட மாட்டான். என்ன தத்துவம் பாருங்க."

முதல் சனிக்கிழமை ராஜமாணிக்கம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மாலையே வேண்டாமென்று படா பாபுவே சொன்ன பிறகு எதற்குக் கையைப் புண்ணாக்கிக்கொள்வது என்றார். அடுத்த நாள் பயிற்சிக்கு ஏழு மணிக்கு மேல்தான் போனார். துடுப்பைத் தண்ணீரில் நனைத்து நனைத்து எடுத்துவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டார்.

மரகதம் இந்தியைத் தபாலில் படிக்கவில்லை. தெருக்குழாயில் வங்காளத்துப் பெண்களோடும் ராஞ்சிப் பெண்களோடும் குடத்துக்குக் குடம் சண்டை போட்டுப் படித்தவள். அவளால் வாயை அடக்க முடியவில்லை. அன்று சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"மாலையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஹார்னா தோத்துப்போறது. தோல்விய ஒத்துக்கிடாதன்னு சொல்லுதாரு."

ராஜமாணிக்கம் மெல்லுவதை நிறுத்தினார். படா பாபுவுக்குத் தெரியாதது தன் பெண்டாட்டிக்குத் தெரிந்திருப்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை கூட. மறுநாள் சேவலுக்கு முன்னால் எழுந்தார். அதற்கப்புறம் ஏழு மணி என்ற பேச்சே இல்லை. நாற்பத்தெட்டு வயசில் மூன்று வாரம் அப்படிப் போனார். போன வாரம் நெஞ்சைத் தடவிக்கொண்டு வாய்வு என்றார். மரகதம் பூண்டு தட்டிப் பாலில் போட்டுக் கொடுத்தாள்.

முற்றத்தில் படா பாபு பேசத் தொடங்கியிருந்தார். ராஜமாணிக்கம் சாகவில்லை என்றார். படகில் இருக்கிறார் என்றார். ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். படகில் இல்லாதவர் உள்ளே பலகைத் தரையில் மூக்கில் பஞ்சோடு கிடந்தார். வெளியே லாரி உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஜெகநாதன் எழுந்தான். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பனியனின் ஓரத்தைத் திருகினான்.

"அவர் கடைசியா நமக்கு என்ன சொல்லிட்டுப் போயிருக்கார்? ஹார் மத் மானோ" என்றார் படா பாபு.

மரகதம் நிலைப்படிக்கு வந்தாள். பின்னாலிருந்து பக்கத்து வீட்டு ருக்கு சேலையைப் பிடித்து இழுத்தாள். தாலி கழற்றப் போகிறவள் ஆம்பிளைகள் நடுவில் வந்து நிற்கிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. தபால் இந்தியை இந்த இடத்தில் கிழித்துப் போட்டுவிடலாம். ஐந்து பேருக்கும் முன்னால் ஒரே வாக்கியம் போதும். அந்த வாக்கியம் அவள் நாக்கு வரைக்கும் வந்தது. அதை ஒரு முறை சொன்னவள் அவள்; கேட்டவர் உள்ளே கிடந்தார்.

"சார், அந்தப் பேச்சுக்கு அர்த்தம் என்னன்னு இவங்களுக்கு இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

படா பாபுவுக்கு முகம் மலர்ந்தது. சாவு வீடு என்பது ஞாபகம் வந்து மலர்ச்சியைக் குறைத்துக்கொண்டார்.

"மாலையை ஏத்துக்காதேம்மா. மாலைக்கு ஆசைப்படாதே."

"அப்படின்னா, ஜெயிக்கிறவனுக்குத்தான சார் மாலை? அந்த மாலை வேண்டாம்னுதான அவுகளுக்கும் நாலு வாரமாச் சொன்னீங்க?"

"ஆமா, ஆனா இது..."

"பொறவு எதுக்கு இவங்க ஜெட்டிக்கு வரணும்? காட்டிலாகாக்காரங்க மாலைய வாங்கிக்கிடட்டும். இவங்க அவுகளத் தூக்கட்டும்."

இல்லையம்மா, அர்த்தம் வேறு என்று சொன்னால் படா பாபு பிழைத்துவிடலாம். ஆனால் நாலு சனிக்கிழமை அத்தனை பேருக்கு முன்னால் நின்று விளக்கிய மனிதர், வேறு என்று எப்படிச் சொல்வார்? தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிட்டவருக்கு எந்தக் கரையிலும் இறங்க முடியாது. ஐந்து பேரில் மூத்தவர் உதயசூரியன் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று படா பாபு நினைத்துக்கொண்டார்.

ஜெகநாதன் பனியனைத் தலைவழியாகக் கழற்றி வேலியில் போட்டான். மற்றவர்களும் கழற்றினார்கள். ஆறாவது ஆளாக ஏற்பாடாகியிருந்த லாரி டிரைவர், யாரும் கேட்காமலே இறங்கிவந்து மூங்கிலின் ஒரு முனையைப் பிடித்தான். படா பாபு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு, தாமே அனுமதித்தது போல, "ம், ஜல்தி ஆகட்டும்" என்றார்.

பாடை கட்டி முடித்து, குளிப்பாட்டிச் சடங்கெல்லாம் செய்து தூக்கும்போது இரண்டரை ஆகிவிட்டது. குனிகிற நேரத்தில் ஜெகநாதன் அவள் காதருகில் கேட்டான்.

"மதினி, ஹார்னா மாலைதானா?"

"தூக்குப்பா. பொழுது போகுது."

தூக்கினார்கள். அடிவயிற்றிலிருந்து ஒரே மூச்சாகத் தூக்கினார்கள். முருங்கை மரத்தைத் தாண்டி மேட்டில் ஏறி, வளைவில் மறைந்தார்கள். ருக்குவும் மற்றப் பெண்களும் மரகதத்தைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். அவள் உட்காரவில்லை. வீட்டைக் கழுவ வேண்டும் என்று குடத்தைத் தூக்கினாள். அதையெல்லாம் தாங்கள் பார்த்துக்கொள்வதாக அவர்கள் சொன்னதும் அவள் காதில் விழவில்லை.

தை மாதத்துத் தண்ணீர். இரண்டு நாளைக்கு ஒரு தரம் குழாயில் வருவது. அவள் அதைச் சிக்கனம் பார்க்காமல், அவர் கிடந்த இடத்தில் ஊற்றினாள். இரண்டாவது குடத்தை ஊற்றும்போது ஃபீனிக்ஸ் பே பக்கமிருந்து போட்டியைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி வெடித்தது. அவள் நிமிரவில்லை. குடம் சாய்ந்தபடியே இருந்தது.

தண்ணீர் பலகை இடுக்குகள் வழியாகக் கீழே இறங்கியது. மரக்கால்கள் மேல் நின்ற வீட்டுக்கு அடியில் நிழலுக்குப் படுத்திருந்த கோழிகள் ஒவ்வொன்றாக வெயிலுக்கு வந்து, இறக்கையை உதறிவிட்டு நின்றன.