இரண்டாம் கவாத்து

ஏணியின் மேல்படியில் நின்று ரம்பத்தை வைக்கப் போனவர் அப்படியே நிற்கிறார், பிளம்ஸ் கிளையை வெட்டிய இடத்தில் பூசிய சாணி இன்னும் ஈரமாக இருக்கிறது, யாரு புள்ள இதைக் கவாத்து பண்ணுனது, என்று கீழே ஏணியைப் பிடித்திருக்கும் மனைவி ராசாமணியைப் பெரியநாயகம் கேட்கிறார், அடப்பாவமே, நேற்றுக் காலை இதே ஏணியில் இவரேதான் ஏறி, காய்ந்ததையும் உள்பக்கம் நெருக்கியதையும் கழித்து, வெட்டிய இடமெல்லாம் தன் கையாலேயே சாணி பூசினார், இவள்தான் கரைத்துக் கொடுத்தாள், என்ன சொல்வாள், மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, முதலில் குடித்த காப்பியை மறந்தார், எல்லோரும் சிரித்தார்கள், இவளும்தான் சிரித்தாள், பிறகு ஒரு மார்கழியில் பக்கத்தில் நின்ற பேரி மரத்தை மூன்று நாளில் மூன்று முறை கவாத்து செய்தார், மரம் மொட்டையாய் நின்றது, நீங்கதான் வெட்டுனீங்கப்பா என்று இதே பெரியநாயகம் முகத்துக்கு நேரே சொன்னார், கிழவர் தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதன்பிறகு யாரோடும் பேசவில்லை, ஒரு வாரம் கழித்துப் பனிமூட்டத்துக்குள் இறங்கிப் போனவரைப் பள்ளத்திலிருந்துதான் தூக்கி வந்தார்கள், அந்தப் பனிமூட்டம் இப்போதும் ஓடைப்பக்கத்திலிருந்து ஏறி வருகிறது, அன்றா இன்றா, ஏணியில் நிற்பது மாமனாரா இவரா, ரம்பம் பிடித்த கை என்னவோ ஒரே கைதான்.

கேக்குறேன்ல, யாரு வெட்டுனா?

நான்தாங்க, என்கிறாள், நேத்து நீங்க சந்தைக்குப் போயிருந்தப்ப ஏறுனேன். போகாத சந்தைக்குப் போய்வந்தவராக அவரும் தலையாட்டுகிறார், கால் தவறியிருந்தா என்னாகும், கூறுகெட்டவளே, என்று திட்டுகிறார், திட்டத் திட்ட இவளுக்கு உயிர் வருகிறது, திட்டட்டும், தன் கைகளை அவர் பார்க்காமல் இருந்தால் போதும், அவரோ கிளையைத் தடவிச் சிரிக்கிறார், பரவால்லயே, அப்படியே நான் வெட்டுன மாதிரியே இருக்கு, ஆனா பயந்துபோய்ப் பாதியில விட்டுட்ட, மிச்சத்த நான் பாத்துக்கறேன்.

மிச்சம் என்று அவர் ரம்பத்தை வைப்பது காய்ப்புக் கொம்புகள் நெருங்கிய நடுக்கிளையில், முப்பது வருடமாய்க் காய்க்கிற கிளை, ஐயோ வேண்டாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, வெட்டியது நான்தான் என்று சொன்னவள் இனி எந்த வாயால் தடுப்பாள், தடுத்தால் நேற்று வெட்டியது யாரென்று சொல்ல வேண்டும், மரத்தூள் நெற்றியில் விழுகிறது, கண்ணில் விழுகிறது, நல்லா வெட்டுங்க, என்கிறாள், ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.