ஏப்ரன் பையில் பிளக்

சுடர் பச்சையாகத் தெரிந்ததும் இரும்பு வெட்டும் டார்ச்சை நிறுத்திவிட்டேன். பதினெட்டாவது தகடு பாதி வெட்டோடு கிடந்தது.

"ஏன்க்கா நிறுத்திட்ட?" வெல்டிங் முகமூடியைத் தூக்கிக்கொண்டு தம்பி கேட்டான்.

"டார்ச்சுக்குள்ள எலக்ட்ரோடு தேஞ்சிருச்சு. வெட்டு கோணலா போகுது, அடியில கசடு கட்டி கட்டியா நிக்குது. இதையா பள்ளிக்கூடத்துப் படிக்கட்டுக்குக் குடுப்ப?"

"இன்னும் பதினாலு தகடுதானே? நாலு மணிக்கு லாரி வந்து வாசல்ல நிக்கும். ஓட்டிரலாம்க்கா."

பட்டறை எங்கள் இருவருடையது. நான் பிளாஸ்மா டார்ச்சால் இரும்பை வெட்டுவேன், அவன் பற்றவைப்பான். அவன் அவசரக் குடுக்கை, எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இந்த லட்சணத்தில் பன்னிரண்டு வருடமாக ஒரே கூரையின் கீழ் குப்பை கொட்டுகிறோம்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டார்ச்சைக் கையில் எடுத்ததும் ட்ரிகரை ஒரு தட்டு தட்டுவோம். புஸ்ஸென்று காற்று வீசி நுனியிலுள்ள தூசி பறக்கும். யோசித்துச் செய்வதில்லை, விரல் தானாகப் போய்விடும். பழைய மெஷினில் ஒருமுறை நுனியைக் கழற்றும்போது அப்படித் தட்டிவிட்டேன், நெருப்பு பாய்ந்துவிட்டது. என் இடது கட்டைவிரலில் நகம் இன்றுவரை ஒழுங்காக முளைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஏப்ரனில் பெரிய பை ஒன்று தைத்தேன். டார்ச்சைத் திறக்கும் முன் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி அந்தப் பையில் போட்டுக்கொள்வேன். வேலை முடியும்வரை அது என்னோடுதான் இருக்கும்.

"கப்பைக் கழட்டினா புது மெஷினே நின்னுக்குது. அப்புறம் எதுக்கு அதை வயித்துல சுமக்குற? கங்காரு!" என்று தம்பி கிண்டல் செய்வான். டார்ச் நுனியை மூடியிருக்கும் கப் இருந்தால்தான் கரண்ட் வரும் என்பது உண்மைதான். உள்ளே அதற்கென்றே இரண்டு சின்ன முட்கள் இருக்கின்றன. கப் அவற்றை அழுத்தியிருக்க வேண்டும்.

வெட்டு நின்ற பிறகும் டார்ச்சைக் குளிர்விக்கக் காற்று கொஞ்ச நேரம் வீசும். அது தானாக நிற்கும்வரை பொறுத்திருந்து, பிளக்கைப் பிடுங்கிப் பையில் போட்டேன். கம்ப்ரசர் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டேன். கேபிளைக் கையால் தடவி எங்காவது வெடித்திருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு கப்பைத் திருகிக் கழற்றினேன்.

இரண்டு முட்களையும் சேர்த்து மெல்லிய செம்புக் கம்பி ஒன்று சுற்றியிருந்தது.

நேற்று கப்பின் மரை தேய்ந்து மெஷின் அடிக்கடி நின்றது. நான் வீட்டுக்குச் சாப்பிடப் போய்த் திரும்பியபோது, "சரி பண்ணிட்டேன்க்கா" என்றான். இதுதான் அவன் சரி பண்ணிய லட்சணம். கப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இனி டார்ச் எரியும்.

"யாருடா இதைச் சுத்தினது?"

"கத்தாதக்கா. இந்த ஆர்டர் முடியட்டும், புது கப் வாங்கிரலாம்."

"புது கப் வராம ஒரு தகடுகூட வெட்ட மாட்டேன். எவன் வந்து நின்னாலும் சரி."

"லாரிக்காரனுக்கு என்ன பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன்."

பட்டறைக்குள் ஃபோன் சரியாக எடுக்காது. வாசலுக்கு வந்து முதலில் உதிரிபாகக் கடையைக் கூப்பிட்டேன். கப் இருந்தது, ஸ்கூட்டரில் போய்வர ஒரு மணி நேரமாகும். அடுத்து ஆர்டர் கொடுத்தவரை அழைத்து, சரக்கு ஆறு மணிக்குமேல்தான் கிளம்பும் என்றேன். அவர் சத்தம் போட்டார். போட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து, அதையே மறுபடி சொன்னேன்.

திரும்பி உள்ளே பார்த்தபோது தம்பி மேஜையருகே நின்றிருந்தான். நான் வருவதற்குள் மாட்டி முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். புது எலக்ட்ரோடு உள்ளே போயிருந்தது. புது நுனி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபடியே டார்ச்சைத் தூக்கினான். கப் மேஜையில் கிடந்தது. கம்பி அப்படியே இருந்தது.

அவன் விரல் ட்ரிகரைத் தட்டியது.

டிக்.

அவ்வளவுதான். காற்றும் வரவில்லை, நெருப்பும் வரவில்லை.

கதவைப் பிடித்துக்கொண்டேன். அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான், ட்ரிகரைப் பார்த்தான், சுவரில் காலியாக இருந்த சாக்கெட்டைப் பார்த்தான். கடைசியாக என் வயிற்றுப்பக்கம் புடைத்திருந்த பையைப் பார்த்தான். பிளக்கைப் பிடுங்கியிருந்தது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்திருக்கிறது.

திட்டுவதற்கு வண்டி வண்டியாக வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு உள்ளே போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

டார்ச்சை மெதுவாகக் கீழே வைத்தான். குறடை எடுத்து, கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக் குப்பையில் போட்டான்.

"ஸ்கூட்டர் சாவி குடுக்கா."

நாலு மணிக்கு லாரி வந்தது. டிரைவர் கடிகாரத்தைக் காட்டிக்காட்டிப் புலம்பினார்.

"உக்காருங்கண்ணே. டீ சொல்லட்டுமா? நீங்க எவ்வளவு அவசரப்பட்டாலும் இரும்பு அதோட வேகத்துலதான் வெட்டுப்படும்" என்றேன்.

புது கப் வந்ததும் எல்லாவற்றையும் நானே மாட்டி, கையால் மட்டும் இறுக்கினேன். தம்பி பக்கத்திலேயே நின்று பார்த்தான். பிறகுதான் பையிலிருந்து பிளக்கை எடுத்துச் சுவரில் செருகினேன். வெட்டு நூல் பிடித்ததுபோல் ஓடியது. கோணலாகப் போன பதினெட்டாவது தகட்டையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வெட்டினேன். லாரி கிளம்பியபோது மணி ஆறரை.

தரையைப் பெருக்கி முடித்துவிட்டு, தம்பி தன் ஏப்ரனைக் கழற்றி என் மடியில் போட்டான்.

"இதுலயும் ஒரு பை தச்சுக் குடுக்கா. உன்னோடதவிட பெருசா இருக்கட்டும்."

"ஏன்டா, நீயும் கங்காருவா?"

"ஆமாக்கா" என்றான். அவன் சிரிக்கவில்லை. வலது கையால் இடது கட்டைவிரலைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.