செம்புத் தகடு இல்லாத இடம்

கார்குழலிக்கு உயரம் என்றாலே பயம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுகூடக் கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளியே நிற்பாள். ஆனால் நாத்தனார் மேனகா கையைப் பிடித்து இழுத்தால் அவளுக்கு மறுக்கத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பழைய துறைமுகம் பக்கம் போட்டிருந்த பொருட்காட்சியில், அறுபதடி இரும்புக் கோபுரத்தின் உச்சிக்கு இருவரும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்கள். கோபுரத்தைச் சுற்றி எட்டு இருக்கைகள். மேலே தூக்கிப்போய்ச் சட்டென்று கீழே விடும் ராட்டினம் அது.

உச்சியைத் தொட்டதும் கரண்ட் போய்விட்டது.

பாட்டு நின்றது. இருக்கைகள் கொக்கியில் தொங்கின. கடலிலிருந்து வந்த மழைக்காற்றில் கோபுரமே லேசாக ஆடியது. பக்கத்து மீனவர் குடியிருப்பான குருசுக்குப்பத்துக்கு மேலே மின்னல் வெட்டியது.

"ஜெனரேட்டர் ஓடல," என்று கீழிருந்து ஆபரேட்டர் விமல்ராஜ் கத்தினான். "மின்னல் வருது, மேல இருக்கக் கூடாது. இங்கேருந்து கையாலயே கயித்த இழுத்துக் கொக்கிய விடப் போறேன். கம்பிய கெட்டியா பிடிச்சுக்கங்க."

மேனகா நேரு வீதி ஜவுளிக்கடையில் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குப் புடவை விரித்துக்காட்டி வாயாடுகிறவள். இப்போது அண்ணியின் காதருகே கிசுகிசுத்தாள்.

"கரண்டே இல்லியே அண்ணி. பிரேக் எப்படிப் பிடிக்கும்?"

கார்குழலி பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர்.

"இதுக்குக் கரண்ட் வேணாம். இந்த மாதிரி ராட்டினத்துல சீட்டுக்குப் பின்னால காந்தம் இருக்கும். கோபுரத்துல கீழ்ப்பாதி முழுக்க செம்புத் தகடு. காந்தம் வேகமா தாண்டும்போது அந்தத் தகட்டுலயே கரண்ட் உண்டாயிடும். அது காந்தத்த விழவிடாம எதிர்த்துத் தள்ளும். கிளாஸ்ல செம்புக் குழாய்க்குள்ள காந்தத்தப் போட்டுக் காட்டுவேன். கல்லப் போட்டா உடனே விழுந்துடும். காந்தம் ஊர்ந்து ஊர்ந்துதான் வரும்."

"ரொம்ப வேகமா விழுந்தா?"

"வேகம் ஏற ஏற இன்னும் பலமா பிடிக்கும்."

மேனகா மூச்சு விட்டாள். கார்குழலி அப்போதுதான் முதல்முறையாகக் கீழே பார்த்தாள். தகடுகள் வரிசையாகச் சிவப்பாகத் தெரிந்தன. நடுவே ஓர் ஆள் உயரத்துக்குச் சிவப்பே இல்லை. வெறும் இரும்புச் சட்டம். செம்பு இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். யாரோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மீதித் தகடு போதுமா? எட்டுப் பேர் எடை, இருக்கைகளின் எடை என்று கணக்குப் போடப் பார்த்தாள். எண்கள் மனசில் நிற்கவில்லை. "விடாதீங்க," என்று கத்தினாள். அதற்குள் வலுத்துவிட்ட காற்று அதைக் கீழே போகவிடவில்லை.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. கண்ண மூடிக்க."

கொக்கி விட்டது.

முதல் தகடுகள் பிடித்தபோது உடம்பு இருக்கையில் அழுந்தியது. வேகம் குறைந்தது. அப்புறம் அந்த இடம் வந்தது. பிடி விட்டுப்போய் மறுபடி விழுந்தார்கள். மேனகாவின் நகங்கள் அண்ணியின் மணிக்கட்டில் பதிந்தன. அவ்வளவுதான் என்று கார்குழலி நினைத்தாள். அடுத்த தகடு பிடித்தது. அதன்பிறகு இருக்கைகள் நிதானமாக இறங்கி ரப்பர் மெத்தையில் உட்கார்ந்தன.

இறங்கியதும் அவள் நேராக விமல்ராஜிடம் போனாள். "தகடு காணோமே."

"ரெண்டுதான் மேடம். ஒரு வாரமா அப்படித்தான் ஓடுது. ஒண்ணும் ஆவல."

கரண்ட் வந்தது. பாட்டும் வந்தது. வரிசை நகரத் தொடங்கியதும் கார்குழலி ஏறும் படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். போலீசுக்குப் போன் போட்டாள். வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"மேலயே பார்த்துட்டீங்களா அண்ணி?" என்று மேனகா கேட்டாள்.

"பார்த்தேன்."

"எங்கிட்ட சொல்லலியே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

மேனகா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வந்த போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ராட்டினத்தைப் பூட்டச் சொன்னார். ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்வரை மேனகா அவள் மணிக்கட்டை விடவில்லை.