கடல் ரூமில் கரிக்காத மணல்

கண்ணாடிப் பெட்டியிலிருந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார் ஏனோக். உப்புக் கரிக்கவில்லை. மூலையிலிருந்து இன்னொரு சிட்டிகை எடுத்தார். அதுவும் சப்பென்றிருந்தது.

பெட்டியில் இருக்கவேண்டியது பழவேற்காட்டுக் கரையிலிருந்து சாக்கில் கட்டி ரயிலில் வந்த கடல் மணல். இதுவோ மாவாக அரைபட்டு, சாம்பல் நிறத்தில் விரலோடு ஒட்டியது. தங்கவயலில் இப்படி மணல் வருவதென்றால் பாறையை இடித்துப் பொடிக்கும் மில்லிலிருந்துதான் வரவேண்டும். அந்த மணல் எப்படிக் கைக்கு வந்தது என்று சொல்ல முடியாதவனுக்கு ஜெயில் என்று சட்டம் வந்து நாலைந்து வருஷமாகியிருந்தது.

ஆண்டர்சன்பேட்டை சர்ச்சுக்குப் பின்னால் இருந்தது அந்தப் பெட்டி இருந்த அறை. சீமையில் கடலோரத்தில் பிறந்து இங்கே சுரங்கத்தை மேற்பார்த்த ஒரு மைன் காப்டன் ஊர் திரும்பும்போது, தன்னிடமிருந்த கப்பல் விளக்கையும் திமிங்கலத் தாடை எலும்பையும் சபைக்கு விட்டுப் போனார். பிறகு கடற்கரையிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் வலை, துடுப்பு, சங்கு என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து வைத்தன. பதினாறு வருஷம் கப்பலில் கலாசியாக இருந்த ஏனோக்கிடம் சபையார் சாவியைக் கொடுத்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் 'கடல் ரூம்' நிறைந்துவிடும். கடலையே பார்த்திராத வடாற்காட்டுக்காரர்கள் தாடை எலும்பைத் தடவிப் பார்ப்பார்கள். கரைக்காரர்கள் எந்த வலை எந்த மீனுக்கு என்று சண்டை போடுவார்கள்.

அந்த அறையில் யாரோ தங்க மணலை ஒளித்து வைத்திருக்கிறார்கள். பிடிபட்டால் முதலில் கேட்பது சாவி வைத்திருப்பவனைத்தான்.

அடுத்த ஞாயிறு அவர் வழக்கமாகச் சொல்லும் கப்பல் கதை எதுவும் சொல்லவில்லை. விளக்கைத் துடைப்பது போல நின்று எல்லார் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகும் மாணிக்கராஜ் போகவில்லை. மில்லில் வேலை செய்பவன், பழவேற்காட்டுக்காரன். பெட்டியருகே குனிந்தவன் நிமிரும்போது கைக்குட்டையை மடியில் செருகினான்.

"இன்னா மாணிக்கம், இன்னும் வீட்டுக்குப் போகலியா?"

"போறேண்ணே. சும்மா பாத்துகினு இருந்தேன்" என்றவன் அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினான்.

சும்மா பார்ப்பவனுக்கு மடியில் என்ன வேலை? வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். மில்லிலிருந்து கொண்டுவந்து இங்கே போட்டுவைக்கிறான், ஆள் வந்ததும் எடுத்துக் கொடுக்கிறான். கூட்டாளி யார்? பெருக்க வரும் கங்கம்மாவும் இரண்டு வாரமாக அவரைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறாளே? சனிக்கிழமை கம்பெனி வாட்ச்மேன் காத்தவராயனைக் கடைத்தெருவில் பார்த்தபோது வாய் தானாகத் திறந்துவிட்டது.

"எம்பேரு வெளிய வரக்கூடாது" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

ஞாயிறு மத்தியானம் கம்பெனி வாட்ச்மேன்கள் சர்ச் வாசலிலேயே மாணிக்கராஜை மடக்கினார்கள். கைக்குட்டையில் ஒரு பிடி மணல் இருந்தது. சபையே பார்த்துக்கொண்டிருக்க, அவனை இழுத்துப் போனார்கள். பெட்டியையும் தூக்கிப் போனார்கள்.

மறுநாள் காலையில் கங்கம்மா ஏனோக் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அந்தப் பெட்டி மண்ணு கொறைஞ்சிகினே வந்துது ஐயா. நான்தான் எடுத்தேன்னு சொல்லிடுவீங்கன்னு பயம். சயனைடு மேட்டுல ரெண்டு கூடை அள்ளியாந்து மேல கொட்டிட்டேன். அதுக்கா அந்தப் புள்ளைய புடிச்சாங்க?"

சயனைடு மேடு என்பது தங்கத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு கம்பெனி கொட்டும் கழிவு. மழைக்காலத்தில் ஜனங்கள் வாசலில் சேறு ஆகாமலிருக்க அதைத்தான் அள்ளிப் போடுவார்கள். பயத்தில் ஏனோக்குக்கு அந்த மேடு நினைவுக்கே வரவில்லை.

"அப்ப அவன் எதுக்கு எடுத்தான்?"

"அவன் பொஞ்சாதி பியாட்ரிஸுக்கு. நேத்து அதுவே சொல்லிச்சு. தலைப் பிரசவம். ஸ்டேஷன்ல பிளேக் சோதனைக்குப் பயந்து கரையில இருக்குற அம்மா வீட்டுக்கு ரயில் ஏறல. கரை மண்ணுல கால் வைக்கணும்னு அழுதுதாம். கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்கன்னு அடியில இருந்து பிடிப் பிடியா கொண்டுபோய் அது கால் வைக்க தாம்பாளத்துல போட்டான்."

ஏனோக் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கம்பெனி ஆபீசுக்கு நடந்தார். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றார். "தெரியாம எதுக்குய்யா சொன்னே?" என்று கேட்டார் கிளார்க். மணலைச் சோதித்துத் தங்கம் இல்லையென்று எழுத இன்னும் இரண்டு நாள் பிடித்தது. அதற்குள் பியாட்ரிஸுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. மாணிக்கராஜ் வெளியே வந்தான். ஆனால் சந்தேகத்துக்கு ஆளானவனை மில்லில் சேர்க்கவில்லை. அண்டர்கிரவுண்ட் ஷிப்டுக்குப் போட்டார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் எழுந்தபோது ஏனோக் முன்னால் போய் நின்றார்.

"மாணிக்கத்தைப் பத்தி வாட்ச்மேன்கிட்ட சொன்னது நான்தான். அவன் ஒண்ணும் பண்ணல. எனக்கு மாட்டிக்குவோமோன்னு பயம் வந்துது, சொல்லிட்டேன்."

மாணிக்கராஜ் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வெளியே போனான். அவன் பின்னால் பலர் போனார்கள்.

அதன் பிறகு கடல் ரூமுக்கு ஐந்தாறு பேர்தான் வந்தார்கள். அவர்களும் அவர் பக்கத்தில் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர் கம்பெனி ஆள் என்றும், சாவி வாங்கியதே அதற்குத்தான் என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். சபையாரிடம் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். வேறு யாரும் வாங்கிக்கொள்ள முன்வரவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிறு பியாட்ரிஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்தாள். ஏனோக்கைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"உள்ள போம்மா" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார்.

வெயிலில் சுவரோரமாக நின்றார். உள்ளே அவள் குழந்தைக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள். இது துடுப்பு, இது தாத்தா வலை மாதிரி வலை, இது சங்கு. அவள் சொல்லி முடிக்கும் வரை அவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.