ஹேஸல் குளோஸில் முளைத்த காலடிகள்

நார்மன் ப்ரீஸ் இறந்த மூன்றாவது வாரம் அவனுடைய வலது காலடி அவன் வீட்டு வாசல் தளத்தில் முளைத்தது. தெருவை ஒட்டி, கார் ஏறும் இடத்தில், பேவர் பிளாக் கற்களின் இடுக்கெல்லாம் சேர்ந்து பாசியும் புல்லும் மஞ்சள் பூக் களையுமாக ஒரு பத்தாம் நம்பர் பூட்ஸின் வடிவம். குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருந்தது. எந்தச் செருப்பையும் நார்மன் அப்படித்தான் தேய்ப்பான். அன்று செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் மாதம், குப்பை வண்டி வரும் நாள். குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்த பெரில் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், கெட்டிலில் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து கணவனின் காலில் ஊற்றினாள்.

கிடர்மின்ஸ்டரில் எங்கள் ஹேஸல் குளோஸ் எப்படிப்பட்ட தெரு என்றால், பின்கட்டில் எலி குட்டி போட்டாலும் யாரும் கேட்கமாட்டோம். முன்வாசல் தளத்தில் ஒரு புல் தலைநீட்டினால் திரைச்சீலைகள் அசையும். நேரில் யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். அதுதான் எங்கள் மரியாதை. நார்மன் கெட்டிக்காரன் என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்தவன். தண்ணீர் பீய்ச்சும் மெஷின் ஒன்றை வாங்கிவந்து கோடை முழுக்க ஞாயிறுதோறும் தளத்தைக் கழுவினான். கல் பளபளத்தது. கல்லுக்குக் கல் இறுக்கிப் பிடித்திருந்த மணல் மொத்தமும் சாக்கடைக்குப் போனது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். மறு வசந்தத்தில் காற்று கொண்டுவந்த விதைகளெல்லாம் அந்த வெறும் இடுக்குகளில் குடியேறின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, “எதிர்வீட்டுக்காரங்க மூஞ்சில முழிக்க முடியல. ஒரு களை இல்லாம எடுத்துட்டு உள்ள வா. அதுவரைக்கும் வராத” என்று சொல்லிப் பெரில் கதவைச் சாத்தினாள். “உத்தரவு மகாராணி” என்று அவன் மண்டியிட்டான். மதியம் வரை கத்தியால் இடுக்கைச் சுரண்டும் சத்தம் கேட்டது. அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது கதவு ஒரே ஒரு முறை தட்டப்பட்டது. கையைத் துடைக்கச் சோம்பல்பட்டு, உள்ளிருந்தே “சுத்தமாச்சா?” என்று கேட்டாள். கிழங்கைச் சீவி முடித்தாள். கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது நார்மன் படியில் சாய்ந்திருந்தான். மாரடைப்பு என்றார் மருத்துவர்.

காலடிகள் வருடத்துக்கு ஒன்றாக வந்தன. இரண்டாம் ஏப்ரலில் இடது கால், மூன்றாம் ஏப்ரலில் வலது, எல்லாம் வீட்டை நோக்கி. பெரில் வினிகர் ஊற்றினாள், உப்பு கொட்டினாள், கடையிலுள்ள களைக்கொல்லிகளை வரிசையாகத் தீர்த்தாள். ஆறாவது வருடம் தீ உமிழும் குழாயைப் பிடித்தபோது ரோஜாச் செடி கருகியது, காலடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆளை வைத்துக் கற்களைப் பெயர்த்துப் புது மணலிட்டுப் பதித்தாள். பத்து நாளில் அதே இடத்தில், அதே தேய்ந்த குதிகாலோடு தடங்கள் எழுந்துவிட்டன. காலடிகளைத் தவிர அந்தத் தளத்தில் வேறு களை ஒன்றுகூட இல்லை என்பதையும் சொல்லவேண்டும். லீட்ஸில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கெஞ்சினாள். வீட்டை விற்றால் வாங்குபவர்கள் அவனை என்ன செய்வார்களோ என்று பெரில் போகவில்லை. இருக்கவும் பயம். கணக்குக் கேட்கத்தான் வருகிறான் என்று நம்பினாள்.

பதினோராவது வருடம் இரண்டு பாதங்களும் வாசற்படியில் சேர்ந்து நின்றன, பூட்ஸ் நுனிகள் கதவைப் பார்த்து. பன்னிரண்டாம் வருட ஏப்ரலில் புதுத் தடம் வரவில்லை. பெரில் கதவைத் திறந்தே வைத்தாள். குளிர் உள்ளே வந்தது, எதிர்வீட்டுப் பூனை வந்தது, அவன் வரவில்லை. இதுதான் அவளை உடைத்தது. வேலியோரம் நின்ற பக்கத்துவீட்டுக் கிளைவ் என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவரிடம், அந்த ஞாயிற்றுக்கிழமையை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

கிளைவ் பைப்பைப் பற்றவைத்து நிதானமாக யோசித்தான். “களை ஒண்ணும் இல்லாம எடுத்துட்டு வான்னுதான சொன்ன?”

“ஆமா.”

“இங்க இருக்கிற களையே அவன்தானேம்மா. பின்ன எப்படி வருவான்? பொண்டாட்டி பேச்சைத் தட்டாத மடையன். நானா இருந்தா முத வருஷமே பின்பக்கமா நுழைஞ்சிருப்பேன்.”

பெரிலுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுச் செருப்போடு, சமையல் ஏப்ரனோடு, தெரு முழுக்கப் பார்க்க அந்த ஈரப் படியில் உட்கார்ந்தாள். எங்கள் தெருவில் யாரும் செய்யாத காரியம். பாதங்களின் மேல் கையை வைத்து, “நார்மன், தளம் எப்படியோ நாசமாப் போகட்டும். நீ தட்டினப்ப நான் எந்திரிச்சு வந்திருக்கணும். வரல. என்னை மன்னிச்சிரு. பூட்ஸைக் கழட்டவேணாம், அப்படியே வா” என்றாள். குரல் கடைசி வீடு வரை கேட்டது. திரைச்சீலை ஒன்றும் அசையவில்லை.

மறுநாள் தளம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பதினொரு தடங்களும் பழுப்பு இலைகளாகச் சுருண்டு காற்றில் போய்விட்டன. உள்ளே, மிதியடிக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊர் மில்லில் நெய்த சிவப்புக் கம்பளத்தில் ஒரு வலது கால் பச்சையாக இருந்தது. அடுத்த ஏப்ரலில் கூடத்தில் இடது கால். கம்பளம் மாற்ற வந்த ஆளைப் பெரில் டீ கொடுத்து அனுப்பிவிட்டாள். மகளிடம், “அப்பாவுக்குத் தண்ணி யாரு ஊத்துவா?” என்று கேட்டு அந்தப் பேச்சை முடித்தாள்.

இந்த ஏப்ரலில் மாடிப்படியின் முதல் படியில் தடம் வந்திருக்கிறது. படிகள் பதிமூன்று, படுக்கையறை மேலே. பெரிலுக்கு எழுபத்து நான்கு வயது. வருடத்துக்கு ஒரு படியென்றால் அவன் மேலே போய்ச் சேரும்போது எண்பத்தாறு ஆகும். சர்க்கரையைக் குறைத்துவிட்டாள், காலையும் மாலையும் குளத்தைச் சுற்றி நடக்கிறாள்.